காற்று திரும்பினால் கடல் நிறையும்: கரையிலிருந்து கடற்பறவை பார்ப்பது எப்படி

இலையுதிர் காலத்தில், வெயில் அடிக்கும் அமைதியான ஒரு நாளில் கடலோரப் பாறைமுனையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நாலைந்து கடற்காகங்களும் ஒரு நீர்க்காகமும் கண்ணில் படலாம். இரண்டு நாள் கழித்து, இரவெல்லாம் கடலிலிருந்து கரையைப் பார்த்துக் காற்று அடித்துத் தீர்த்த காலையில், அதே பாறையில் போய் உட்காருங்கள். நல்ல முனையாக இருந்தால் மணிக்கு நூற்றுக்கணக்கில் பறவைகள் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். அவற்றில் பல, முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க மட்டுமே நிலத்துக்கு வருபவை. மற்ற மாதங்களைக் கரை தெரியாத நடுக்கடலில் கழிப்பவை. முந்தைய நாளும் அவை கடலில்தான் இருந்தன, தொடுவானத்துக்கு அப்பால். கண்ணெட்டும் தூரத்துக்கு அவற்றைத் தள்ளி வந்தது காற்று.

ஆகவே இதில் புதிதாக இறங்குபவர், பறவைப் படங்களைப் புரட்டும் முன் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. எந்த நாளில், எந்த மணியில் கரைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே எடுத்துக்காட்டாக வரும் பறவைகளும் இடங்களும் வட அட்லாண்டிக்கைச் சேர்ந்தவை. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அங்கே இதற்கென்றே ஆட்கள் முனைகளில் காத்துக் கிடப்பார்கள். காற்றின் கணக்கு எந்தக் கரைக்கும் பொருந்தும். தென் அரைக்கோளத்தில் சுழற்சியின் திசையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பறவை ஏன் கரைக்கு வருகிறது

ஷியர்வாட்டர், ஃபுல்மார் போன்ற நீண்ட இறக்கைப் பறவைகளுக்குக் காற்றுதான் வாகனம். நீர்மட்டத்தை ஒட்டிக் காற்று மெதுவாகவும், சில மீட்டர் மேலே வேகமாகவும் வீசும். பறவை காற்றை எதிர்கொண்டு மேலேறி, உடலைச் சாய்த்துத் திரும்பி, காற்றோடு சரிந்து அலைப்பள்ளத்துக்குள் இறங்கி, மறுபடி மேலேறுகிறது. இரண்டு அடுக்குகளின் வேக வேறுபாடே அதற்கு உந்துவிசை. அதனால் இறக்கையை அடிக்காமலே வெகுதூரம் போய்விடும். காற்று செத்துப்போன நாளில் இதே பறவைகள் பெரும்பாலும் நீரில் கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். கடல் வெறிச்சோடிக் கிடப்பதற்கு அது ஒரு காரணம்.

பலத்த காற்று கடலிலிருந்து கரை நோக்கி அடிக்கும்போது, அவை எந்தத் திசையில் பறந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் கரைப்பக்கம் ஒதுக்கப்படுகின்றன. கூடவே மழையும் மூட்டமும் இருந்தால் நிலம் எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. பெரிய குடாவுக்குள் புகுந்துவிடும். பிறகு மழை விட்டு வெளிச்சம் வந்ததும் மூன்று பக்கமும் நிலம் தெரிகிறது. நடுக்கடல் பறவைக்கு நிலம் பிடிக்காது. கரையை ஒட்டியே, பெரும்பாலும் காற்றை எதிர்த்து, திறந்த கடலைத் தேடி வெளியேறுகிறது. குடாவின் வாசலில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுற்றித்தான் அது போயாக வேண்டும். நாம் உட்கார வேண்டிய இடம் அந்த முனை.

இதிலிருந்து, தொடங்குபவர்கள் அதிகம் தவறவிடும் ஒன்று விளங்கும். புயலின் உச்சத்தைவிட, அது தளர்ந்து காற்று திசை மாறும் முதல் சில மணி நேரம்தான் பல இடங்களில் சிறந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் வட கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் இதற்குப் பேர்போன இடம். தென்மேற்குப் புயல் பறவைகளை உள்ளே தள்ளி வைக்கும். காற்று மேற்கு, வடமேற்கு என்று திரும்பியதும் அவை முனையைச் சுற்றி வெளியேறும். தென்மேற்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்போது அங்கே போனால் ஏமாற்றம்தான்.

ஒவ்வொரு முனைக்கும் அதற்கேயான காற்று உண்டு. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் உள்ள பிரிட்ஜஸ் ஆஃப் ராஸுக்கு மேற்கு முதல் வடமேற்கு வரை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள எஸ்தாக்கா தெ பாரெஸுக்கு வடமேற்கு. வட கடலுக்குள் நீண்டிருக்கும் இங்கிலாந்தின் ஃபிளம்பரோ முனைக்கு வடக்கும் வடகிழக்கும். உங்கள் கரையின் வரைபடத்தை எடுத்து வைத்து, எந்தத் திசையில் திறந்த கடல் அதிக தூரம் இருக்கிறது, முனைக்கு உட்புறம் எந்தக் குடா பறவையை அடைத்து வைக்கும் என்று பார்த்தால் பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

வானிலை வரைபடத்தில் எதைப் பார்ப்பது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். காற்றுக்கு, அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயர். தமிழில் இது புதிதில்லை: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை. முன்னறிவிப்பில் 'வடமேற்குக் காற்று' என்றால் அது தென்கிழக்கை நோக்கி ஓடுகிறது என்று பொருள். செயலிகளில் வரும் அம்புக்குறி காற்று போகும் பக்கத்தைக் காட்டுகிறதா, வரும் பக்கத்தைக் காட்டுகிறதா என்பது செயலிக்குச் செயலி மாறும். ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

அடுத்தது தாழ்வழுத்த மண்டலம். வட அரைக்கோளத்தில் காற்று அதை இடஞ்சுழியாகச் சுற்றும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்த மையம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். 1857இல் டச்சு வானிலையாளர் பாய்ஸ் பாலட் எடுத்துச் சொன்ன விதி இது; கரையில் நின்றபடியே, புயல் எங்கே இருக்கிறது என்று இதை வைத்து அறியலாம். வரைபடத்தில் சம அழுத்தக் கோடுகள் நெருங்க நெருங்கக் காற்று வலுக்கும்.

மேற்கு பார்த்த கரையை ஒரு தாழ்வழுத்தம் கடக்கும்போது காட்சி ஓர் ஒழுங்கில் மாறும். முதலில் தெற்குக் காற்று, கனக்கும் மேகம், மழை. சிவப்பு அரைவட்டங்களால் வரையப்பட்ட வெப்ப முகப்பு (வெதுவெதுப்பான காற்றின் முன்னெல்லை) கடந்ததும் தென்மேற்குக் காற்று, வெதுவெதுப்பு, தூறல், மூட்டம். கண் அதிக தூரம் போகாது. பிறகு நீல முக்கோணங்கள் கொண்ட குளிர் முகப்பு (குளிர்ந்த காற்றின் முன்னெல்லை) ஒரு பட்டை பெருமழையோடு வந்து போகும். அது தாண்டியதும் காற்று சட்டென்று மேற்குக்கோ வடமேற்குக்கோ திரும்பும், வானம் கழுவிவிட்டதுபோலத் தெளியும், நடுநடுவே சாரல்கள் வந்துபோகும். காத்திருந்தது இந்தத் தருணத்துக்குத்தான். முன்னறிவிப்பில் குளிர் முகப்பு எத்தனை மணிக்குக் கடக்கும் என்று பாருங்கள். அது இரவில் கடந்தால் விடியலில் போய் உட்கார வேண்டும். பகலில் கடப்பதாக இருந்தால் மூன்று மணி நேரம் முந்தவோ பிந்தவோ வாய்ப்புண்டு. மழை வரும் முன்பே இடம் பிடித்துவிடுவது நல்லது.

வலு எவ்வளவு வேண்டும்? 1805இல் பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த அளவுகோல் இன்றும் கடலோர முன்னறிவிப்புகளில் உண்டு. 4ஆம் நிலையில், அதாவது மணிக்கு 20 முதல் 28 கி.மீ. வேகத்தில், அலைகளில் வெண்நுரை பரவலாகத் தெரியும். பறவைகள் நகரத் தொடங்கும். 6, 7ஆம் நிலைகள், மணிக்கு 39 முதல் 61 கி.மீ., பெரும்பாலான முனைகளுக்குப் பொன்னான வேகம். 8ஆம் நிலையைத் தாண்டினால் நடுக்கடலின் அரிய பறவைகள்கூட நெருங்கி வரலாம், ஆனால் தொலைநோக்கி ஆடும், கண்ணாடியில் உப்புத்தூவல் அப்பும், பறவை முழுவதும் அலைப்பள்ளங்களில் மறைந்து மறைந்து போகும். வேகத்தைப் போலவே கால அளவும் முக்கியம்: அரை மணி நேரம் அடிக்கும் சூறைக்காற்று பறவையைக் கரைக்குக் கொண்டுவராது, ஓர் இரவு முழுக்க அடித்தது கொண்டுவரும். அதனால் இப்போதைய காற்றோடு, கடந்த 12 முதல் 24 மணி நேரக் காற்றையும் பாருங்கள்.

இடம், உயரம், வெளிச்சம்

கடல்மட்டத்திலிருந்து கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கி.மீ. தொலைவில் என்று கிடைக்கும். 4 மீட்டர் உயரத்தில் சுமார் 7 கி.மீ., 16 மீட்டரில் 14 கி.மீ., 25 மீட்டரில் 18 கி.மீ. ஆனால் உயரம் கூடக் கூட நல்லது என்று மலைமுகட்டில் ஏறிவிட வேண்டாம். மிக உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பறவையும் கரும்நீரின் பின்னணியில் கரைந்துபோகும். மிகத் தாழ்ந்தால் அலை மறைக்கும். 10 முதல் 25 மீட்டர் வரை உள்ள இடம் வசதி: பறவை எழும்பும்போது வானத்தின் பின்னணியில் உருவம் தெரியும், தாழும்போது முதுகின் நிறம் தெரியும்.

சூரியன் எதிரே இருந்தால் எல்லாம் கறுப்பு நிழல்தான். கிழக்கு பார்த்த கரையில் காலை வெளிச்சம் கண்ணைக் குத்தும். மேற்குக் கரையில் மாலையில் அதே தொல்லை. குளிர்காலச் சூரியன் நாள் முழுக்கத் தாழ்ந்தே இருப்பதால் தெற்கு பார்த்த கரை வட அரைக்கோளத்தில் மிகச் சிரமம். மேகமூட்டமான நாள் இதற்கெல்லாம் மருந்து. விடியலுக்குப் பிந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் நடமாட்டம் அதிகம் என்பதால், எப்படியும் இருட்டோடு இருட்டாகக் கிளம்ப வேண்டியிருக்கும்.

காற்றுக்கு மறைவு தரும் சுவர், கலங்கரை விளக்கத்தின் பக்கம், பாறையின் ஒதுக்கு எதுவானாலும் சரி. ஆடாத தொலைநோக்கியில் மணிக்கணக்காகப் பார்க்கலாம். ஆடும் தொலைநோக்கியில் கால் மணி நேரத்தில் தலை வலிக்கும். மறைவைத் தேடி அலைக்கு அருகே இறங்காதீர்கள். புயலுக்குப் பின் வரும் நெடிய அலைகளில் எத்தனையோ சிறியதாக இருந்துவிட்டு ஒன்று மட்டும் பல மீட்டர் கூடுதலாக ஏறும். பாறை ஈரமாக இருக்கும் உயரத்துக்கு நன்கு மேலே உட்காருங்கள். ஈரப் புல் வளர்ந்த செங்குத்து விளிம்பும் வேண்டாம்.

கருவிகள்

பைனாகுலர் மட்டும் இருந்தாலும் தொடங்கலாம். 8x42 அல்லது 10x42 (பெருக்கம் 8 அல்லது 10 மடங்கு, முன்வில்லை 42 மி.மீ.) போதும். நெருங்கி வரும் பறவைகளைப் பிடிக்கவும், அகலமாகத் துழாவவும் அதுவே சிறந்தது. அதற்கு அடுத்து ஸ்பாட்டிங் ஸ்கோப் எனப்படும் தரைத் தொலைநோக்கி. இதில் புதியவர்கள் செய்யும் பிழை, 60 மடங்கு வரை பெரிதாக்கி வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவது. பெருக்கம் கூடினால் பார்வைப்பரப்பு சுருங்கும், படம் மங்கும், காற்றின் ஆட்டமும் சேர்ந்தே பெருகும். 20 முதல் 30 மடங்கில் வைத்துவிட்டு அதைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

முக்காலியின் கால்களை விரித்துத் தாழ்த்தி, நடுத்தண்டை ஏற்றாமல், கீழே கனமான பையைத் தொங்கவிடுங்கள். பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் ஊசலாடி முக்காலியையும் ஆட்டும். மடக்கு நாற்காலியிலோ தடித்த மெத்தையிலோ உட்கார்ந்து பார்க்க வேண்டும். நின்றுகொண்டு மூன்று மணி நேரம் யாராலும் பார்க்க முடியாது.

கண்ணாடியில் உப்பு படிந்தால் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். உப்புத்துகள் பூச்சைக் கீறிவிடும். ஒரு சிறு பாட்டிலில் நன்னீர் வைத்துக்கொண்டு முதலில் கழுவி, பிறகு ஒற்றி எடுங்கள். மெல்லிய துணிகள் மூன்று நான்கு வேண்டும், ஒன்று நனைந்ததும் அடுத்தது. கண்வில்லையில் மூச்சுப் பட்டு ஆவி படிவது குளிர்காலத் தொல்லை: முகத்தை மூடும் துணியை மூக்குக்குக் கீழே இறக்குங்கள், குளிர்ந்த ஸ்கோப்பை நேரே சூடான காருக்குள் கொண்டுபோகாதீர்கள். உடைக்கு ஒன்றே ஒன்று சொல்லலாம். உட்கார்ந்திருப்பவருக்கு நடப்பவரைவிடக் குளிர் அதிகம் ஏறும். நடக்கும்போது போடுவதற்கு மேல் இரண்டு அடுக்கு கூடுதலாக, எல்லாவற்றுக்கும் வெளியே நீர் புகாத ஒன்று.

கண்ணை எங்கே வைப்பது

ஸ்கோப்பின் வட்டத்தில் தொடுவானக் கோடு மேல் மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். கீழே நீர்ப்பரப்பு, மேலே கொஞ்சம் வானம். பறவைகள் பெரும்பாலும் ஒரே திசையில் போகின்றன என்று தெரிந்ததும், அவை வரும் பக்கத்தை நோக்கி மெதுவாக ஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டே போங்கள். எதிர்கொண்டு போவதால் குறைந்த நேரத்தில் அதிகப் பறவைகள் வட்டத்துக்குள் வரும். ஓரம் வரை போனதும் தொடங்கிய இடத்துக்குத் திரும்புங்கள். நடுநடுவே வெறுங்கண்ணாலும் பைனாகுலராலும் அருகிலுள்ள நீரைப் பார்க்க மறக்க வேண்டாம். எல்லோரும் தொடுவானத்தைத் துழாவிக்கொண்டிருக்கும்போது பாறைக்கு அடியிலேயே பெட்ரல் என்ற சிறு கடற்பறவை போய்விடுவது உண்டு.

ஒரு கண்ணை இறுக மூடிப் பார்த்தால் முகத்தசை சோர்ந்துவிடும். இரண்டையும் திறந்து வைத்துப் பழகுங்கள், அல்லது சும்மா இருக்கும் கண்ணுக்கு ஒரு மறைப்பு கட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் ஓய்வு.

நாலு பேர் சேர்ந்து பார்க்கும்போது 'அதோ!' என்றால் யாருக்கும் பயனில்லை. மிதவை, நங்கூரமிட்ட கப்பல், பாறைத்தீவு என்று நிலையான அடையாளங்களை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரிசையாக: எந்த அடையாளத்துக்கு எந்தப் பக்கம், தொடுவானத்துக்கு மேலா கீழா, எவ்வளவு தொலைவு, எந்தப் பக்கம் போகிறது. 'மிதவைக்கு வலப்புறம், தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே, பாதித் தொலைவில், இடப்பக்கம் போகிறது, கறுப்பு வெள்ளை.' பறவையின் பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

உருவத்தைவிடப் பறப்பு

இரண்டு கி.மீ. தொலைவில் அலகின் நிறமும் காலின் நிறமும் தெரியாது. தெரிவது பறக்கும் விதம், அளவு, வெளிர்-கருமைப் பாங்கு. ஆகவே முதல் சில நாள்களை ஒரே பறவைக்குக் கொடுத்துவிடுங்கள்: கேனட். 165 முதல் 180 செ.மீ. இறக்கை விரிப்பு, வெள்ளுடல், கறுத்த இறக்கை நுனி, இரு முனையும் கூரான சுருட்டு போன்ற உடல்; உயரத்திலிருந்து அம்புபோல நீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். இளம்பறவை கரும்பழுப்பு, ஆண்டுக்கு ஆண்டு திட்டுத் திட்டாக வெளுக்கும். இதன் உருவம் எத்தனை தொலைவில் எவ்வளவு தெரியும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் அதுவே அளவுகோல். அருகே பறக்கும் வேறொன்றை 'கேனட்டில் பாதி' என்று சொல்ல முடியும்போது அடையாளம் காண்பது பாதி எளிதாகிவிடும்.

மாங்க்ஸ் ஷியர்வாட்டர் அந்தப் பாதிதான்: 80 செ.மீ. சுமார் விரிப்பு. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. விறைத்த இறக்கையோடு ஒரு பக்கம் சாய்ந்து கறுப்பைக் காட்டும், மறுபக்கம் சாய்ந்து வெள்ளையைக் காட்டும். தொலைவில் ஒரு புள்ளி கறுப்பாகவும் வெள்ளையாகவும் மாறி மாறி மின்னினால் அதுவாக இருக்கலாம். முழுக்கக் கரும்பழுப்பாக, சற்றுப் பெரிதாக, வேகமாகச் சாய்ந்து போவது சூட்டி ஷியர்வாட்டர். தென் அரைக்கோளத் தீவுகளில் குஞ்சு பொரித்துவிட்டு அட்லாண்டிக்கைச் சுற்றி வரும் பறவை அது. அது இவ்வளவு தூரம் வந்து நம் முன் போகிறது என்ற நினைப்பே குளிரை மறக்கடிக்கும். ஃபுல்மாரும் விறைத்த இறக்கைதான், ஆனால் தடித்த கழுத்து, சாம்பல் முதுகு, நுனியில் கறுப்பு கிடையாது. கடற்காகம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கடற்காகம் இறக்கையை மடக்கி வளைத்து அடிக்கும்; ஃபுல்மார் பலகைபோல நீட்டி வைத்திருக்கும்.

ஸ்குவாக்கள் வழிப்பறிக்காரர்கள். ஆலாக்களையும் கடற்காகங்களையும் விடாமல் துரத்தி, அவை கக்கும் இரையைப் பிடித்துத் தின்னும். திடீரென்று ஒரு கூட்டம் சிதறினால் அங்கே ஸ்கோப்பைத் திருப்புங்கள். பெரிய ஸ்குவா பீப்பாய் உடலும் இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டும் கொண்டது. ஆர்க்டிக் ஸ்குவா மெலிந்தது, பருந்தின் வேகம். பொமரைன் இரண்டுக்கும் இடைப்பட்டது. வளர்ந்த பறவைக்கு வாலில் கரண்டிபோல முறுக்கிய இரு இறகுகள் நீண்டிருக்கும். இளம் ஸ்குவாக்களைப் பிரிப்பது பல ஆண்டுப் பயிற்சி. தொடக்கத்தில் 'ஸ்குவா' என்று எழுதிவிட்டுப் போவதில் குறையே இல்லை.

கிட்டிவேக் சிறிய, நளினமான கடற்காகம். இறக்கை நுனி மையில் தோய்த்தது போலக் கறுப்பு. இளம்பறவை இறக்கை விரித்தால் மேலே W எழுத்துபோலக் கறுப்புப் பட்டை தெரியும். இறக்கையில் முக்கோணத் திட்டுகளோடு வரும் சபைன் கடற்காகமோ என்று மயங்க வைப்பது இந்த இளம் கிட்டிவேக்தான். கடும் மேற்குக் காற்றுக்குப் பின் அக்டோபரில் லீச் புயல் பெட்ரல் வரக்கூடும்: நுனி பிளந்த வால், நீருக்கு மேல் ஒழுங்கில்லாமல் துள்ளும் பறப்பு.

நவம்பரை நெருங்க வேறு கூட்டம். கில்லிமாட், ரேசர்பில் போன்ற ஆக் இனங்கள் குட்டை இறக்கையை விர்ரென்று அடித்துக்கொண்டு நீரை ஒட்டி வரிசையாகப் போகும். வாடைக்காற்று தொடர்ந்து வீசிய பின் வட கடலில் வரும் சிறிய ஆக் மைனாவைவிடச் சிறியது. 17 முதல் 19 செ.மீ. நீளம்தான். டைவர்கள், அதாவது மூழ்கி இரை தேடும் பெரிய நீர்ப்பறவைகள், தலை தாழ்ந்து, கழுத்து தொய்ந்து, கால் வாலுக்குப் பின்னே நீட்டித் தெரியும். நீர்க்காகத்துக்கு அப்படிக் கால் தெரியாது. கரிய ஸ்கோட்டர் வாத்துகள் கயிறு இழுத்தாற்போல நீண்ட வரிசையாக வரும். வரிசையில் ஒன்றின் இறக்கையில் வெள்ளைச் சதுரம் பளிச்சிட்டால் அது வெல்வெட் ஸ்கோட்டர்.

இன்னொரு செய்தி, குளிர்காலத்துக்கு மட்டும்: காற்றில்லாத நாளும் அப்போது வீணில்லை. டைவர், கிரீப் (முக்குளிப்பான்), நீள்வால் வாத்து எல்லாம் ஒதுக்கமான குடாக்களில் மிதந்து மூழ்கி இரை தேடும். கடல் கண்ணாடியாக இருக்கும் நாளில் ஒரே இடத்தைப் பொறுமையாகப் பார்த்தால், மூழ்கிய பறவை பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எங்காவது எழும்.

கணக்கு

மணிக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் தொடங்கிய நேரம், காற்றின் திசையும் வலுவும், கண்ணுக்குத் தெரிந்த தொலைவு, பறவைகள் போன திசை. எதிர்த்திசையில் போவதைத் தனியாக எண்ண வேண்டும். இல்லாவிட்டால் முன்னும் பின்னும் இரை தேடும் பத்துக் கிட்டிவேக் நூறாகிவிடும். அதிகம் போகும் இனத்துக்கு விரலால் அழுத்தும் எண்ணி உதவும். கூட்டமாக வந்தால் பத்துப் பத்தாக மதிப்பிடுங்கள். அடையாளம் தெரியாததை 'ஷியர்வாட்டர் இனம்', 'ஆக் இனம்' என்று அப்படியே பதியுங்கள். இ-பேர்ட், ட்ரெக்டெல்லன் ஆகிய தளங்களில் இப்படிப்பட்ட கணக்கை ஏற்றலாம். ஒன்றுமே போகாத மணியையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு எந்தக் காற்றுக்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று அது சொல்லும்.

புயலுக்குப் பின் கரையில்

நாள்கணக்கில் புயல் அடித்தால் பறவைகள் இரையின்றித் தளர்ந்து கரையொதுங்கும். 1952 இலையுதிர் காலத்தில் பிரிட்டன், அயர்லாந்து எங்கும் லீச் பெட்ரல்கள் ஆயிரக்கணக்கில் இப்படி விழுந்தன. 2014 தொடக்கத்தில் அட்லாண்டிக் புயல்களுக்குப் பின் பிரான்சின் கரைகளில் பல்லாயிரம் பஃபின்களும் (இவையும் ஆக் இனம்) கில்லிமாட்களும் இறந்து கிடந்தன. தளர்ந்து கிடக்கும் பறவையை மறுபடி அலைக்குள் விடாதீர்கள்; மூழ்கிவிடும். நாயையும் கூட்டத்தையும் விலக்கி, அருகிலுள்ள வனவிலங்கு மீட்பு அமைப்புக்குச் சொல்லுங்கள். இறந்ததைக் கையால் தொட வேண்டாம்: 2022இல் பறவைக் காய்ச்சல் கேனட்களையும் பெரிய ஸ்குவாக்களையும் பெருவாரியாகக் கொன்றது. காலில் வளையம் இருந்தால் எண்ணும் எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, தேதியும் இடமும் சேர்த்து வளையமிடும் அமைப்புக்கு அனுப்புங்கள். ஐரோப்பாவில் வளையமிடும் அமைப்புகளை இணைக்கும் யூரிங் வழியாக அது உரிய நாட்டைச் சேரும். அந்தப் பறவை எந்தத் தீவில், எந்த ஆண்டில் வளையமிடப்பட்டது என்ற விவரம் பிறகு உங்களுக்கும் வந்து சேரும்.